பூனைக்கு வரும் வலிப்பு

இராஜபாளையம் என்றதும் உங்களுக்கு அந்த வெள்ளை வேட்டை நாய்தான் நினைவுக்கு வரும். பக்கத்து ஆலங்குளத்தில் ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில் உறங்கும் பூனையை யார் நினைக்கிறார்கள்? நாம் இப்போது நினைப்போம்.

உறங்கிய பூனை திடீரென விறைத்துச் சாய்கிறது. கால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கி, மிரண்டு விழிக்கிறது. இதுதான் வலிப்பு. உடனே யாராவது இரும்புச் சாவியைத் தேடி ஓடுவார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை. பூனையின் வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

மூளையின் நரம்பணுக்கள் சிறு மின்துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. பல அணுக்கள் ஒரே சமயத்தில் கட்டுமீறித் துடித்தால் வலிப்பு உண்டாகிறது. நஞ்சு, ஈரல் கோளாறு போன்றவற்றாலும் இது வரலாம். நாயின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் மருந்தே பூனைக்கு நஞ்சு! ஆகவே மருத்துவர் முதலில் காரணத்தைத் தேடுவார்.

வலிப்பு அடிக்கடி திரும்பினால், பெரும்பாலும் பினோபார்பிடால் மாத்திரை தருவார். மனிதரின் வலிப்பை இது அடக்குவதை 1912-இல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டார். பூனைக்கு 12 மணிக்கு ஒருமுறை தர வேண்டும். ஏன் இந்தக் கணக்கு? பூனையின் உடலில் இம்மருந்து பாதியாகக் குறையச் சுமார் 2 நாள் ஆகிறது. வேளை தவறாமல் கொடுத்தால், ஏறக்குறைய 2 வாரத்தில் இரத்தத்தில் அதன் அளவு நிலைப்படும். அப்போது இரத்தத்தைச் சோதித்து, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிப்பார்கள்.

ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? பூனை நன்றாக இருக்கும்போதுதான். மூன்று மாதம் வலிப்பில்லை என்றதும் வீட்டார் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருந்துக்குப் பழகிய மூளை சட்டென்று கட்டவிழ்கிறது. வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உயிரையே பறிக்கலாம். பல பூனைகளுக்கு ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டியிருக்கும்.

நாய்க்குத் தரும் பொட்டாசியம் புரோமைடைப் பூனைக்குக் கொடுக்கலாமா? கூடாது, சில பூனைகளுக்கு அது கடும் மூச்சுத்திணறலைத் தரும். மனிதருக்கான டயஸிபாம் மாத்திரையை நாள்தோறும் விழுங்கிய சில பூனைகள் ஈரல் கெட்டு இறந்ததை 1990-களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

வலிப்பு வந்த தேதியையும் நேரத்தையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாத்திரையை மீன் துண்டில் ஒளித்துக் கொடுக்கலாம். ஆனால் தரையையும் ஒருமுறை பாருங்கள். மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் துப்பியிருக்கும்!