கல்கத்தாவின் கரன்ஸி மாளிகை

கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த தமிழர் பலருக்கு டல்ஹௌசி சதுக்கம் காலையில் விரைந்து வந்து மாலையில் விரைந்து நீங்கும் இடமாகவே இருந்திருக்கிறது. வடக்கே ரைட்டர்ஸ் கட்டடம். மேற்கே 1868-இல் எழுந்த பெரிய தபாலாபீஸின் வெண்ணிறக் கும்மட்டம். நடுவே லால் தீகி என்னும் குளம். விநய், பாதல், தினேஷ் என்னும் மூன்று வீரர்களின் பெயரை இன்று தாங்கியுள்ள அச்சதுக்கத்தில் மூன்றடுக்கு மாளிகை ஒன்றும் உண்டு. அதற்குக் கரன்ஸி கட்டடம் என்று பெயர்.

ஆக்ரா பாங்கி என்னும் வங்கிக்காக 1833-இல் கட்டப்பெற்றது அது. இத்தாலியப் பாணியில் அமைந்தது. வெனிஸ் நகரத்து முறைச் சன்னல்களும், பூவேலை செய்த இரும்பு வாயிற்கதவுகளும், சலவைக்கல்லும் சுனார் மணற்கல்லும் பாவிய தளங்களும் அதன் சிறப்புகள். மேல்தளத்தை இரும்பு உத்தரங்களும் அவற்றிடையே வளைத்துக் கட்டிய செங்கல்லும் தாங்கின. உள்ளே நடுக்கூடம், அதன்மேல் ஒளி இறங்கும் கும்மட்டங்கள். பணம் எண்ணும் இடத்தில் வெளிச்சம் வேண்டும், வெளியார் பார்வை கூடாது. உச்சியிலிருந்து ஒளியை வரவழைத்தது இதை எண்ணித்தான் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1868-இல் அரசாங்கத்தின் கரன்ஸி அலுவலகம் இங்கே குடியேறியது. அவ்வலுவலகத்தின் வேலை என்ன என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாண வங்கிகள் அதற்கு முன்பு தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அரசாங்கத்திற்கே உரியதாக்கியது. அக்காலத்து நோட்டு, கேட்டவுடன் வெள்ளி ரூபாய் தருவதாக எழுதிக்கொடுத்த வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நிறைவேற்றிய இடம்தான் இந்தக் கூடம். ஆனால் வாக்குறுதிக்கு எல்லை உண்டு. நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்து நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். சென்னை வட்டத்து நோட்டை மடியில் முடிந்துகொண்டு கல்கத்தா வந்திறங்கிய நம் முன்னோர் ஒருவர் அதை இங்கே நீட்டியிருந்தால், வெள்ளி தந்தாக வேண்டிய கடமை இவ்வலுவலகத்துக்கு இல்லை! 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எங்கும் செல்லுபடியாயிற்று. பத்தும் ஐம்பதும் 1910-இலும், நூறு 1911-இலும் அந்நிலையை எய்தின.

1935 ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் வங்கி பிறந்தபோது அதன் மத்திய அலுவலகம் அமைந்ததும் இங்கேதான். 1937-இல் அது பம்பாய்க்குச் சென்றுவிட்டது.

அதன் பின்னர் மாளிகைக்கு இறங்குமுகம். மத்தியப் பொதுப்பணித் துறையினர் அதைச் சாமான் வைக்கும் கிடங்காகப் பயன்படுத்தினர். 1994-இல் இடித்துவிடுவதென்று முடிவாயிற்று. "பழுதுற்ற கட்டடம்" என்னும் சொற்றொடரை அரசாங்கக் கோப்புகளில் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறோம். எழுதும்போது அது வெறும் சொல்லாகவே இருந்தது. இங்கே அச்சொல்லுக்குக் கடப்பாரை முளைத்தது. கலைச் செல்வப் பாதுகாப்பில் ஈடுபட்ட இன்டாக் அமைப்பும் கல்கத்தா மாநகராட்சியும் குறுக்கிட்டு வேலையை நிறுத்துவதற்குள், நடுக்கூடத்தின் கும்மட்டங்கள் தரைமட்டமாகிவிட்டன. வேறொருவர் இடித்திருந்தால் பழி சொல்லலாம். தன் நோட்டுக்கு வெள்ளி எண்ணிக்கொடுத்த கூடத்தை அரசாங்கம் தானே இடித்தது.

பின்னர்த் தொல்பொருள் ஆய்வுத் துறை கட்டடத்தைத் தன் பொறுப்பில் ஏற்றுப் பல ஆண்டுகள் செப்பனிட்டது. 2020 ஜனவரியில் அது கலைக்காட்சிக் கூடமாகத் திறந்துவைக்கப்பட்டது. இழந்த கும்மட்டங்களை மீண்டும் எழுப்பவில்லை. அது சரியென்றே நாம் கருதுகிறோம். நடுக்கூடம் இருந்த இடம் இன்று திறந்த முற்றம். சுற்றிலும் வளைவுகள் நிற்கின்றன. மழைக்காலத்தில் செல்பவர்கள் குடை கொண்டு செல்க.