காக்கா கறி: இங்கிலாந்தில் விருந்து, இங்கே ஆபத்து... வித்தியாசம் என்ன?

"அண்ணே, இது கோழியா... காக்காவா?"

ரோட்டோரத்தில் பிரியாணி அண்டா வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிது இல்லை. 2002-ம் ஆண்டு வெளியான 'ரன்' படத்தில் நடிகர் விவேக் காக்கா பிரியாணி சாப்பிட்டுவிட்டு காக்கா மாதிரியே கரைவார். அந்த காமெடி வந்து 20 வருடம் தாண்டிவிட்டது. கேலி மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஆனால் சினிமா காமெடியாக இருந்த விஷயம் 2020-ம் ஆண்டு தொடக்கத்தில் ராமேசுவரத்தில் போலீஸ் விவகாரம் ஆனது.

முன்னோருக்கு திதி கொடுக்க வரும் பக்தர்கள் காக்காவுக்கு சோறு வைக்கும் ஊர் அது. அங்கே காக்காக்கள் திடீர் திடீரென மயங்கி விழுந்தன. இதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் போலீசில் சொன்னார்கள். விசாரணையில் 2 பேர் சிக்கினர். அவர்களிடம் செத்த காக்காக்கள் சுமார் 150 இருந்தன. சாராயத்தில் ஊறவைத்த அரிசியை தூவி காக்காக்களை பிடித்ததாகவும், கோழிக்கறியோடு கலப்பதற்காக சிறு கடைகளுக்கு விற்றதாகவும் அப்போது செய்திகள் வெளியாயின.

அதைக் கேட்டு பலருக்கும் வயிற்றைப் பிரட்டியது. கூடவே ஒரு சந்தேகமும் கிளம்பியது. காக்கா கறியை சாப்பிட்டால் என்ன ஆகும்? உலகத்தில் யாருமே அதை சாப்பிடுவது இல்லையா?

சாப்பிடுகிறார்கள். அதுவும் விருந்து வைத்தே சாப்பிட்டு இருக்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பதும் ராமேசுவரத்தில் நடந்ததும் ஒன்று அல்ல.

வயல்வெளி காக்கா

இங்கிலாந்தில் 'ரூக்' என்று ஒரு பறவை உண்டு. காக்கா இனம்தான். முழுக்க கருப்பு. வளர்ந்த பறவைக்கு அலகு தொடங்கும் இடத்தில் முடி இல்லாமல் வெள்ளையாக இருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். நம் ஊரில் இந்தப் பறவை கிடையாது.

நம் வீட்டுக் காக்கா குப்பைத்தொட்டி, மீன் மார்க்கெட், செத்த எலி என்று எதையும் விடாது. ரூக் அப்படி இல்லை. பெரும்பாலும் வயலில் இறங்கி மண்ணைக் கிளறி மண்புழு, பூச்சிப்புழு தின்னும். விதைத்த தானியத்தையும் பொறுக்கும். உயரமான மரங்களின் உச்சியில் கூட்டம் கூட்டமாக கூடு கட்டும்.

அங்கேயும் செத்ததை தின்னும் காக்கா தனியாக இருக்கிறது. அதை சட்டிக்கு கொண்டுவர கிராமத்து ஆட்களே தயங்குவார்கள். அவர்கள் தேடிப்போனது ரூக் குஞ்சுகளைத்தான்.

மே மாதம் 12-ந் தேதி

ரூக் வேட்டைக்கு நாள் குறித்து வைத்திருந்தார்கள். மே 12-ந் தேதியை ஒட்டிய சில நாட்கள்தான் சீசன். அப்போதுதான் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்து பக்கத்துக் கிளையில் உட்காரும். சரியாக பறக்கத் தெரியாது. சொந்தமாக இரை தேடவும் தெரியாது. தாயும் தகப்பனும் கொண்டுவரும் புழு, பூச்சிதான் சாப்பாடு. அதனால் கறி இளசாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் பறந்துவிடும்.

இதற்கென்றே 19-ம் நூற்றாண்டில் சின்ன ரவை போடும் 'ரூக் ரைபிள்' என்ற துப்பாக்கியை செய்து விற்றார்கள். பண்ணை முதலாளிகளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பிரபல எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ரூக் சுடப்போன ஒருவர் குறி தவறி நண்பரின் கையிலேயே சுட்டுவிடுவார். அந்த அளவுக்கு ஊரறிந்த விஷயம்.

6 பறவைக்கு ஒரு சட்டி

சுட்ட ரூக்கை கோழி மாதிரி முடி பிடுங்குவது இல்லை. தோலோடு சேர்த்து உரித்துவிடுவார்கள். நெஞ்சுக்கறியை மட்டும் எடுப்பார்கள். சிலர் தொடையையும் சேர்ப்பார்கள். முதுகுப்பக்கத்தை கண்டிப்பாக கழித்துவிட வேண்டும், அது கசக்கும் என்பது பழைய சமையல் பக்குவம்.

எடுத்த கறியை இரவு முழுக்க பாலிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறப்போடுவார்கள். பிறகு பன்றிக்கறி துண்டு அல்லது மாட்டுக்கறி, அவித்த முட்டை சேர்த்து சட்டியில் அடுக்கி, மேலே மைதா மாவை மூடி மாதிரி பரப்பி அடுப்பில் சுடுவார்கள். இதற்கு 'ரூக் பை' என்று பெயர்.

ஒரு ரூக் அரை கிலோ தேறினாலே அதிகம். அதிலும் நெஞ்சுக்கறி மட்டும்தான் என்பதால் ஒரு குடும்பத்துக்கு 6 பறவையாவது வேண்டும்.

சுட்டாலும் சட்டம் உண்டு

காக்கா மீது இங்கிலாந்துக்காரர்களுக்கு இருந்த கோபம் பழைய கோபம். பயிரை நாசம் செய்கிறது என்று 1532-ம் ஆண்டு 8-ம் ஹென்றி மன்னர் காலத்தில் காக்கா, ரூக் ஒழிப்புக்கு தனி சட்டமே போட்டார்கள். ஊருக்கு ஊர் காக்கா பிடிக்கும் வலை வைத்திருக்க வேண்டும் என்று அதில் உத்தரவு.

இன்று நிலைமை தலைகீழ். 1981-ம் ஆண்டு வந்த வனவிலங்கு சட்டப்படி அங்கே காட்டுப் பறவை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. பயிருக்கு கடுமையான சேதம் என்றால் மட்டும் அரசின் பொது லைசென்ஸ் நிபந்தனைப்படி ரூக்கை சுடலாம். கறிக்கு ஆசைப்பட்டு சுட அந்த லைசென்சில் இடம் இல்லை. சேதத்தை தடுக்க சுட்டதை சமைத்து சாப்பிடுவது வேறு விஷயம். 2019-ம் ஆண்டு ஏப்ரலில் பறவை ஆர்வலர்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கியதால் அந்த லைசென்சுகளையே திடீரென ரத்து செய்து, பிறகு புது நிபந்தனைகளோடு கொடுத்தார்கள்.

பல்லால் கடித்துக் கொன்றார்கள்

இங்கிலாந்து மட்டும் இல்லை. பால்டிக் கடலோரத்தில் குரோனியன் மணல்திட்டு என்று ஒரு இடம். 98 கிலோமீட்டர் நீளம். இன்று பாதி லிதுவேனியாவிலும் பாதி ரஷியாவிலும் இருக்கிறது.

மீன்பிடிதான் அங்கே பிழைப்பு. குளிர்காலம் வந்தால் சாப்பாட்டுக்கு திண்டாட்டம். ஆனால் வருடா வருடம் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான காக்காக்கள் அந்த வழியாக இடம்பெயர்ந்து போகும். மணலில் வலையை விரித்து, மீனை இரையாக போட்டு, பழக்கிய காக்காவை பக்கத்தில் கட்டிவைத்து, குடிசைக்குள் ஒளிந்திருந்து கயிற்றை இழுப்பார்கள்.

சிக்கிய காக்காவின் மண்டையை பல்லால் கடித்து நொடியில் கொல்வார்கள். கேட்கவே குமட்டும். ஆனால் பறவை துடிக்காமல் சாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கறியை பீப்பாயில் உப்பு போட்டு குளிர்காலத்துக்கு சேமித்தார்கள். 'மணல்திட்டுப் புறா' என்று செல்லப்பெயர் வேறு.

1901-ம் ஆண்டு அங்கே பறவை ஆய்வு நிலையம் தொடங்கிய தீனமான் என்ற ஆராய்ச்சியாளர், 1903-ம் ஆண்டு முதல் காக்காக்களின் காலில் வளையம் மாட்டி பறக்கவிட்டார். எந்தப் பறவை எங்கே போகிறது என்பது அந்த வளையங்களால் தெரியவந்தது. 2-ம் உலகப்போர் முடிவில் அந்த மக்கள் ஊரை விட்டே ஓட, காக்கா பிடிக்கும் தொழிலும் போய்விட்டது.

எப்படி செத்தது?

இந்த 2 ஊர்க்காரர்களும் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். உயிரோடு, தெம்பாக இருந்த பறவையை தாங்களே கொன்றார்கள். உடனே சுத்தம் செய்தார்கள். செத்துக்கிடந்ததை எடுக்கவில்லை. மருந்து வைத்தும் பிடிக்கவில்லை. வேட்டைக்கறிக்கு உலகம் முழுக்க இதுதான் முதல் விதி.

ராமேசுவரம் விவகாரத்தில் அடிபட்டதே இந்த விதிதான். காக்கா கறி என்பதைவிட, அந்தக் காக்கா எப்படி செத்தது என்பதுதான் பெரிய ஆபத்து. சாராய அரிசியை தின்று விழுந்ததா, பூச்சிமருந்தை தின்று விழுந்ததா, நோய் வந்து விழுந்ததா? அண்டாவுக்கு வந்தபிறகு யாருக்கும் தெரியாது.

2020-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் ராஜஸ்தான் மாநிலம் ஜாலவாரில் காக்காக்கள் கொத்துக்கொத்தாக செத்தன. அடுத்து மத்தியபிரதேசம் இந்தூரிலும் அதே கதை. சோதித்தபோது எச்5என்8 பறவைக்காய்ச்சல் என்று தெரிந்தது. அப்படி விழுந்த காக்காவை எடுத்து அறுத்தால் முதலில் மாட்டுவது சாப்பிடுபவர் அல்ல, அறுப்பவர்தான்.

வெந்தால் சரியாகிவிடுமா?

'நல்லா வெந்தா எல்லாம் போயிடும்' என்பது நம்மூர் நம்பிக்கை. பாதிதான் உண்மை.

கறியின் உள்பக்கம் வரை 70 டிகிரி சூடு ஏறினால் பறவைக்காய்ச்சல் கிருமி செத்துவிடும். ஆனால் பூச்சிமருந்தும் எலிமருந்தும் கிருமி அல்ல. அதில் பல, கொதித்தாலும் முழுசாக அழியாது. மசாலா வாசனை அதை மறைக்கும், அவ்வளவுதான்.

இதற்கு கழுகுகளே சாட்சி. மாட்டுக்கு வலி நிவாரணியாக போட்ட டைக்ளோபினாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பில் தங்கியது. அதை தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயின. 2006-ம் ஆண்டுதான் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. செத்த பிராணியின் உடம்பில் இருப்பது, அதை தின்பவர் உடம்புக்கு வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தில் எலி, பழந்தின்னி வவ்வாலோடு சாதாரண காக்காவும் 'தொல்லை தரும் பிராணி' பட்டியலில் இருந்தது. 2022-ம் ஆண்டு திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இது அமலில் இருக்கிறது. 'காக்காதானே, கேட்க யாரு இருக்கா' என்ற காலம் முடிந்துவிட்டது.

உணவு பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கான பிராணிகள் என்று ஆடு, மாடு, பன்றி, கோழி இனங்கள், மீன் போன்றவற்றை சொல்லி இருக்கிறார்கள். அதில் காக்கா கிடையாது. பாதுகாப்பு இல்லாத உணவை விற்று யாராவது இறந்தால், 7 ஆண்டுக்கு குறையாத ஜெயில் முதல் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

கண்டுபிடிக்க முடியுமா?

பச்சைக்கறியாக இருந்தால் ஓரளவு முடியும். கோழி அதிகம் பறக்காது. அதனால் நெஞ்சுக்கறி வெளிர் நிறம். நாள் முழுக்க பறக்கும் காக்காவின் நெஞ்சுக்கறி புறா மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். காலில் சதையே இருக்காது. லெக்பீஸ் என்று காட்டவே முடியாது.

மசாலாவில் வெந்தபிறகு கண்ணால் சொல்வது கஷ்டம். டி.என்.ஏ. சோதனையில்தான் தெரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிலையத்தில் எந்தப் பிராணியின் கறி என்று கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது.

அதற்காக விலை குறைந்த பிரியாணி எல்லாம் காக்கா பிரியாணி என்று கிளப்பிவிடுவதும் அநியாயம். வீட்டுக் காக்கா மொத்தமே 300 கிராம் சொச்சம்தான். ஒரு கிலோ தனிக்கறிக்கு ஒரு டஜனுக்கு மேல் பிடித்து உரிக்க வேண்டும். இத்தனை பாடுபடுவதைவிட கோழி வாங்குவதே மேல் என்பது கடைக்காரர்களுக்கு தெரியும். வதந்தியால் அடிபடுவது அன்றாடம் அண்டாவை இறக்கி வயிறு கழுவும் நேர்மையான வியாபாரிகள்தான்.

உஷாராக இருங்க

கறியில் சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மீதி கறியை கொட்டாமல் வையுங்கள். சோதனைக்கு அதுதான் தேவை.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி, வாயில் எச்சில் ஒழுகுதல், கண்மணி சுருங்குதல், மூச்சுத்திணறல் வந்தால் அது விஷத்தின் அறிகுறியாக இருக்கலாம். கைவைத்தியம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 108-ஐ கூப்பிடுங்கள்.

தெருவில் காக்காக்கள் கூட்டமாக செத்துக்கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

அமாவாசைக்கு சோறு வைத்துவிட்டு 'கா... கா...' என்று கூப்பிட்டால், வந்து தின்றுவிட்டுப் போகும் பறவை அது. மனிதன் கையால் போடுவதை நம்பித்தான் இறங்குகிறது. ராமேசுவரத்தில் அரிசி தூவியவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் அந்த நம்பிக்கையைத்தான்.