பெயரில் ஓமம், குணத்தில் நஞ்சு



ஓமம் விற்காத மளிகைக் கடை கிடையாது. அதே பெயரோடு இன்னொரு சரக்கும் நாட்டு மருந்து வியாபாரத்தில் உண்டு. அதுதான் குரோசாணி ஓமம். காஷ்மீர் உள்ளிட்ட மேற்கு இமயமலைப் பகுதிகளில் வளரும் செடியின் விதை இது. பாரசீகத்தின் குராசான் பகுதியை ஒட்டி வந்த பெயர்.

நாம் சமையலுக்கு விற்கும் ஓமம், சீரகம், கொத்தமல்லி இனத்தைச் சேர்ந்தது. குரோசாணி ஓமமோ கத்தரி, ஊமத்தை இனம். ஊமத்தையில் உள்ள நச்சுச் சத்துகளே இதிலும் உள்ளன.

நஞ்சானாலும் இது மருந்துச் சரக்குதான். யுனானி, ஆயுர்வேத வைத்தியர்கள் வலிக்கும் தூக்கமின்மைக்கும் இதைச் சுத்தி செய்து கொடுக்கிறார்கள். 1833ல் ஜெர்மானிய வேதியியலார் இச்செடியிலிருந்து ஹயோசயமின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். இதிலுள்ள இன்னொரு சத்தான ஸ்கோபோலமின், பயண வாந்தியைத் தடுக்கும் மருந்து. காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையிலிருந்து மூன்று நாளில் உடம்பில் சேருவது 1 மில்லிகிராம்தான். அவ்வளவு வீரியம்! அளவு மீறினால் வாய் வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கட்டும், புத்தி தடுமாறும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

நம் வீடுகளில் வயிற்று உப்புசத்துக்குக் கைக்குழந்தைக்கும் ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். கடைப் பையன் பொட்டலம் மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில், நச்சுச் சரக்குகளின் வரிசையில் இதுவும் இருக்கிறது. ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. மளிகைக் கடையில் இதை வைக்கவே வேண்டாம்.

2. மருந்துச் சரக்கு விற்போர் தனி டப்பாவில், முழுப் பெயரும் ‘நஞ்சு’ என்ற சொல்லும் எழுதிப் பூட்டி வைக்கவும். வைத்தியர் சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

3. பட்டியலில் வெறுமனே ‘ஓமம்’ என்று எழுதாமல் எந்த ஓமம் என்று எழுதவும்.

4. மூட்டை பிரித்ததும் ஒரு சிட்டிகையைக் கசக்கி முகரவும். சமையல் ஓமம் நெடி தூக்கும். விதையில் நீளவாக்கில் வரிகள் தெரியும். குரோசாணிக்கு அந்த வாசனை இல்லை. தட்டையாக, சிறுநீரக வடிவில் இருக்கும். வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

5. யாராவது தவறிச் சாப்பிட்டால், மீதிப் பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

எடை குறைந்தால் வாடிக்கையாளர் வந்து கேட்பார். கொடுத்துச் சரி செய்யலாம். இந்தச் சரக்கு மாறினால் சரி செய்ய வழியில்லை.