அதுவா? அவனா? – மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ புதினத்தில் கருப்பொருளும் பாத்திரங்களும்

முன்னுரை

‘பிராங்கன்ஸ்டைன்’ என்றதும் தட்டையான தலையும் கழுத்தில் முளைத்த ஆணிகளும் கொண்ட ஓர் உருவமே பலர் நினைவிலும் எழும். அது 1931இல் வெளிவந்த ஆலிவுட் திரைப்படத்தில் போரிஸ் கார்லாப் ஏற்ற வேடமாகும். புதினத்தில் அப்பெயர் படைத்தவனுக்கு உரியது. படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. ஆதலின் அதனைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதல் அடியிலேயே ஓர் ஐயம் எழுகிறது. ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா? மக்கள் என்று கருதப்படும் பொருளையே தொல்காப்பியர் உயர்திணை என்றார். பிராங்கன்ஸ்டைனின் படைப்பை மக்களுள் ஒருவனாகக் கருதியவர் யார், கருத மறுத்தவர் யார் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் பிறந்த சூழல்

பாழ்மாளிகை, நள்ளிரவு, ஆவி ஆகியவற்றால் அச்சுறுத்தும் கோதிக் புதின மரபு, ஆங்கிலத்தில் ஹோரஸ் வால்போல் எழுதி 1764இல் வெளிவந்த ‘ஒட்ரான்டோ கோட்டை’யுடன் தொடங்கிற்று. அம்மரபில் வந்த மேரி ஷெல்லி, அச்சத்தின் உறைவிடத்தைக் கோட்டையினின்று மனித உள்ளத்திற்கு மாற்றினார்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவின் பல பகுதிகள் கோடையின் வெம்மையையே அறியவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த பைரன், ஷெல்லி, மருத்துவர் பொலிடோரி, மேரி ஆகியோர் ஓயாத மழையால் வீட்டினுள் முடங்கினர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு பைரன் கூற, 18 வயது மேரியின் உள்ளத்தில் இக்கதை கருக்கொண்டது. அவர் பிறந்த சில நாள்களில் தாயை இழந்தவர்; 1815இல் தம் முதற்குழந்தையையும் சில நாள்களிலேயே பறிகொடுத்தவர். பிறப்பும் இறப்பும் அடுத்தடுத்து நிற்கும் இப்புதினத்தில் அத்துயரின் சாயல் படிந்துள்ளது எனலாம். 1818 சனவரியில் ஆசிரியர் பெயரின்றியே நூல் வெளிவந்தது. 1823ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் மேரியின் பெயர் இடம்பெற்றது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன்

ஜெனீவாவில் அன்பு நிறைந்த குடும்பத்தில் வளர்ந்த விக்டர், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் பயிலும்போது உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் வழியைக் கண்டறிகிறான். அவனது அறிவு வேட்கையைப் புதினம் இழித்துரைக்கவில்லை. அவன் பிழை வேறிடத்தில் உள்ளது. உயிர் பெற்ற படைப்பு கண் திறந்த அந்நொடியே அதன் தோற்றத்தை அருவருத்து ஓடிவிடுகிறான். படைக்கத் துணிந்தவன் பேணத் துணியவில்லை.

அவனது இரண்டாவது பிழை மௌனம். தம்பி வில்லியம் கொலையுண்டபோது கொலையாளி யார் என்பது விக்டருக்கு ஐயமறத் தோன்றுகிறது. ஆயினும், கூறினால் தன்னைப் பித்தன் என்பரே என்று வாய் திறவாது இருக்கிறான். குற்றமற்ற பணிப்பெண் ஜஸ்டின் தூக்கிலேற்றப்படுகிறாள்.

பெயர் பெறாத படைப்பு

கைவிடப்பட்ட அவ்வுயிர் காட்டில் அலைந்து, டி லேசி என்னும் பார்வையற்ற முதியவரின் குடிலை ஒட்டிய கொட்டிலில் மறைந்து வாழ்கிறது. அங்குதான் புதினத்தின் மிக நுட்பமான பகுதி அமைகிறது. முதியவரின் மகன் பீலிக்ஸை நாடி வந்த சாபி என்னும் பெண்ணுக்கு அவ்வீட்டு மொழி தெரியாது. பீலிக்ஸ் அவளுக்குக் கற்பிக்க, சுவரின் இடுக்கு வழியே படைப்பும் கற்கிறது. ஒரே பாடம், மாணாக்கர் இருவர். ஒருத்தி வீட்டின் உள்ளே, மற்றொருவன் வெளியே.

சாபியின் தந்தை பாரிசில் வாழ்ந்த துருக்கிய வணிகர். சுமத்தப்பட்ட குற்றத்தைவிட அவருடைய சமயமும் செல்வமுமே அவரைத் தண்டனைக்கு உள்ளாக்கின என்று புதினம் கூறுகிறது. பின்னர் அவரையே நன்றி கொன்றவராகக் காட்டுமிடத்தும், கீழை நாட்டு மகளிர் வாழ்வை வெறும் அடைபட்ட வாழ்வாகச் சித்திரிக்குமிடத்தும் ஆசிரியர் தம் கால ஐரோப்பியரின் தப்பெண்ணங்களைக் கடந்தாரல்லர். இதனையும் மறைக்காது சுட்டுதல் திறனாய்வின் கடமையாகும்.

பிறர் வெளியே சென்றிருந்த ஒருநாள், படைப்பு முதியவரிடம் சென்று பேசுகிறது. முகம் காணாத அவர் அச்சொற்களில் வாய்மையை உணர்ந்து, உதவ இசைகிறார். அதற்குள் மற்றவர்கள் திரும்பிவிடுகின்றனர். ஒருத்தி மயங்கி விழுகிறாள்; பீலிக்ஸ் தடியால் அடிக்கிறான். நேற்று வரை அயலாளாய் இருந்த சாபியும் அஞ்சி ஓடுகிறாள். அவனைக் கிழித்தெறியும் வலிமை இருந்தும் படைப்பு கையோங்கவில்லை. மனத்தளவில் அது மனிதனாக நின்ற உயர்ந்த கணம் அதுவே.

அதன்பின் ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காத்ததற்கும் துப்பாக்கிக் குண்டே பரிசாகக் கிடைக்கிறது. வஞ்சினம் வளர்கிறது. வில்லியத்தைக் கொல்கிறது. தனக்கொரு துணை வேண்டிப் பெற்ற வாக்குறுதியை விக்டர் முறித்தபின், அவன் நண்பன் கிளெர்வலையும் மணநாள் இரவில் எலிசபெத்தையும் கொல்கிறது. இக்கொலைகளை ஆசிரியர் நியாயப்படுத்தவில்லை. இறுதியில் விக்டரின் உடலருகே நின்று தன்னை மிகக் கடுமையாகப் பழித்துக்கொள்வது அப்படைப்பே. விக்டரோ, சாகும் தறுவாயிலும் தன் நடத்தையில் பெருங்குற்றம் காணவில்லை.

வால்டன்

வடதுருவம் நோக்கிச் செல்லும் கப்பல் தலைவன் வால்டன் தன் தமக்கைக்கு எழுதும் மடல்களே கதையின் புறச்சட்டம். அதனுள் விக்டரின் கூற்று. அதனுள்ளும் படைப்பின் கூற்று. விக்டரைப் போன்றே புகழ் வேட்கை கொண்ட வால்டன், மாலுமிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, மனமின்றியேனும் கப்பலைத் திருப்புகிறான். பிறர் குரலுக்குச் செவி சாய்த்ததால் அவனும் அவனை நம்பியவர்களும் பிழைக்கின்றனர்.

முடிவுரை

இப்புதினத்தின் அச்சம் பிணங்களிலிருந்து எழுவதன்று. பேச வந்த ஓர் உயிரைப் பேசவிடாமல் துரத்திய நிகழ்ச்சிகளிலிருந்து எழுவது. இக்கட்டுரையும் அப்படைப்பைப் பெரும்பாலும் ‘அது’ என்றே குறித்து வந்துள்ளது. பார்த்த கண்களின் வழக்கு அது. பார்வையற்ற டி லேசி மட்டுமே அவனைச் சில நிமிடங்கள் உயர்திணையில் வைத்தார். அந்நிமிடங்கள் நீடித்திருந்தால் கதையில் இத்தனை பிணங்கள் வீழ்ந்திரா. மக்களாகக் கருதப்படுவோரே மக்களாக வாழ இயலும் என்பதே மேரி ஷெல்லி உணர்த்தும் உண்மையாகும்.