இயந்திரம் ஓடும்போதே படம் எடுங்கள்

பழைய பட்டறைகளையும் இயந்திரங்களையும் படம் பிடிப்பது வெறும் பொழுதுபோக்குதானா? அதற்கும் மேலே ஒரு தேவை இருப்பதைப் பினாங்கின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் வாடகை நெடுங்காலம் குறைவாக இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே அதற்குக் காரணம். அதனால் சிறு பட்டறைக்காரர்களும் கைத்தொழிலாளர்களும் நகரின் நடுவிலேயே தொழில் நடத்த முடிந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியது, பலர் இடம் பெயர்ந்தனர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் உள்ளே ஓடிய இயந்திரத்துக்கும் அதை ஓட்டிய கைகளுக்கும் அதே அளவு பாதுகாப்பு கிடைக்கவில்லை.

துறைமுகத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு கார் ஏற்றுவதை நிறுத்தின. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்துவிட்டன. பயணிகள் எடுத்த படங்களில் கடலும் மேல்தளமும் இருக்கும். அவர்கள் நுழைய முடியாத இயந்திர அறை இருக்காது.

படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். ஜெர்மனியில் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் சுரங்கக் கோபுரங்களையும் இரும்பு உலைகளையும் படமெடுத்தனர். டார்ட்மண்டில் இடிபட இருந்த சோலெர்ன் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 1969இல் அக்கூடம் காப்பாற்றப்பட்டது.

சரி, எப்படி எடுப்பது? முதலில் பட்டறைக்காரரின் அனுமதி வேண்டும். ஓடும் பெல்ட்டின் அருகே தொளதொளப்பான உடையும் தொங்கும் கேமரா வாரும் ஆபத்து. ஃபிளாஷ் எண்ணெய் படிந்த இரும்பில் பட்டுக் கண் கூசும்படி பளிச்சிடும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் அரை விநாடியோ ஒரு விநாடியோ திறந்து வைத்தால் இருண்ட மூலையும் தெரியும். சுழலும் சக்கரம் கலங்கலாகவும், நிற்கும் பாகம் தெளிவாகவும் பதியும். முழு அறை, முழு இயந்திரம், பெயர்த்தகடு, வேலை செய்யும் கை என்ற வரிசையில் எடுப்பது நல்லது.

படத்தோடு வேலை முடிவதில்லை. எந்தப் பிடி எதற்கு, எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும் என்பதையும் தொழிலாளியிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இயந்திரத்தை அருங்காட்சியகம் வாங்கி வைக்கலாம். அதை ஓட்டும் விதம் ஓட்டியவரோடு போய்விடும்.