வலி மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால்

முழங்கால் வலிக்கோ முதுகு வலிக்கோ நீங்கள் பல மாதங்களாக டிராமடால் அல்லது கோடீன் கலந்த மாத்திரை சாப்பிட்டு வருகிறீர்களா? இவை ஓப்பியாய்டு என்னும் வகையைச் சேர்ந்தவை. மார்ஃபினும் இதே வகைதான். இவற்றைக் குறைக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் கலங்க வேண்டாம். ஆனால், நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஏன் குறைக்கிறார்கள்?

நாளாக நாளாக உடல் மருந்துக்குப் பழகிவிடும். அதே அளவு முன்போல் வலியைத் தணிக்காது. வயது கூடும்போது சிறுநீரகம் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். அதனால் தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் ஏற்படலாம். கீழே விழுந்து எலும்பு முறியலாம். தூக்க மாத்திரையோடு அல்லது மதுவோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அமெரிக்காவில் முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஓராண்டு ஓப்பியாய்டு எடுத்தவர்கள், மற்ற வலி மருந்து எடுத்தவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. சிங்கப்பூர் சுகாதார அமைச்சும் ஓப்பியாய்டைப் பாதுகாப்பாகப் பரிந்துரைப்பதற்கான வழிகாட்டிக் குறிப்புகளை 2021இல் வெளியிட்டது.

புற்றுநோய் வலிக்கும் அந்திமகாலப் பராமரிப்புக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு இம்மருந்து தேவைப்படும் வரை கொடுக்கப்படும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால்?

உங்களைச் சந்தேகிப்பதாக எண்ண வேண்டாம். ஒரே மருத்துவரிடம் மட்டும் மருந்து வாங்குவது, சொன்ன அளவைத் தாண்டாமல் இருப்பது, பிறருக்குக் கொடுக்காமல் இருப்பது போன்றவை அதில் இருக்கும். சிலருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்கப்படலாம்.

புரியாமல் கையெழுத்திடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அல்லது மகன், மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். இவற்றைக் கேளுங்கள்:

• எவ்வளவு காலத்தில், எந்த அளவில் குறைப்பீர்கள்?
• வலி கூடினால் யாரை அழைப்பது?
• இதற்குப் பதிலாக என்ன சிகிச்சை?

இது போதைப் பழக்கமா?

பெரும்பாலும் இல்லை. மருந்துக்கு உடல் பழகுவது வேறு. தீங்கு தெரிந்தும் மருந்தைத் தேடிப் போவது வேறு. எதுவானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்படிக் குறைப்பது?

திடீரென நிறுத்தினால் வியர்வை, மூக்கில் நீர்வடிதல், வயிற்றுப்போக்கு, உடல்வலி, தூக்கமின்மை, கடும் மனவேதனை வரலாம். இந்த ஆபத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் மருத்துவர்களுக்கு எச்சரித்தது. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்திற்குச் சுமார் 10 விழுக்காடு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது பொருத்தமாக இருக்கும். தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைக்கலாம்.

குறைத்த பிறகு பழைய முழு அளவுக்கு நீங்களாகத் திரும்பாதீர்கள். உடல் அதைத் தாங்காது.

இதனுடன் உடற்பிடிப்பு மருத்துவம், தினசரி நடைப்பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், பிற மருந்துகள் உதவும். தேவைப்பட்டால் குடும்ப மருத்துவர் உங்களைச் சாங்கி பொது மருத்துவமனை போன்ற இடத்திலுள்ள நிபுணரிடம் அனுப்புவார்.

இவற்றைத் தவிருங்கள்

• அண்டைவீட்டார் தரும் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்.
• மருந்து குறைந்துவிட்டதென்று ஊரிலிருந்து வரவழைக்காதீர்கள். மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றைச் சொந்தத் தேவைக்கென்றாலும் சாங்கி விமான நிலையம் வழியே கொண்டுவர, சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.
• மீதமுள்ள மாத்திரைகளைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

உதவி

எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, நீலநிற உதடு காணப்பட்டால் உடனே 995ஐ அழையுங்கள். மருந்தை விட முடியவில்லை என்று தோன்றினால் 6732 6837 என்ற எண்ணில் பேசுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.