உங்கள் தெரு நாய்க்கு எத்தனை விரல்?

புதுச்சேரி உப்பளத்தில் விளையாட்டரங்கம் பக்கம் காலை வாக்கிங் போகிறீர்களா? வழியில் நாலு நாய்களாவது சுருண்டு படுத்திருக்கும். அவற்றில் பழகிய நாயாகப் பார்த்து முன்காலைக் கவனியுங்கள். தரையில் பதிவது நான்கு விரல்கள்தான். சற்று மேலே, உள்பக்கமாக, தரையைத் தொடாமல் ஐந்தாவதாக ஒரு நகம் இருக்கும். அது எதற்கு?

விடை தேட 4 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அப்போது வட அமெரிக்கக் காடுகளில் திரிந்தது ஹெஸ்பெரோசயான். கிரேக்கத்தில் 'மேற்கு நாய்' என்று பொருள். நரியை விடச் சிறியது. நீண்ட உடம்பு, குட்டைக் கால், நீள வால். பார்த்தால் மரநாய் என்றுதான் சொல்வீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், மரநாய் பெயரில்தான் நாய். உறவில் பூனைப் பக்கம். இதுவோ அசல் நாய்க் குடும்பம்! காதுக்குள் இருக்கும் எலும்புக் குமிழும், கறி கிழிக்கும் கடைவாய்ப் பற்களும் அதைக் காட்டிக்கொடுத்தன.

அதன் ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள். பிறகு காடுகள் குறைந்து புல்வெளிகள் பரவின. இரையைத் துரத்தி ஓட நீண்ட கால்கள் தேவைப்பட்டன. விரல் நுனியில் ஓடப் பழகிய பரம்பரையில் ஐந்தாவது விரல் மேலே ஏறிவிட்டது. அந்த மிச்சம்தான் நீங்கள் பார்த்த நகம்.

சரி, நாய் இந்தியாவுக்கு எப்போது வந்தது? பக்கத்திலுள்ள திருவக்கரை கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழையவை. அந்த மரங்கள் உயிரோடு நின்ற காலத்தில் இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே நாய்க் குடும்பம் கிடையாது! பல லட்சம் தலைமுறைகளை வட அமெரிக்காவிலேயே கழித்துவிட்டு, சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் அலாஸ்கா - சைபீரியா தரைப்பாலம் வழியாக அது இந்தப் பக்கம் வந்தது.

இமயமலை அடிவாரத்து சிவாலிக் குன்றுகளில் அதன் புதைபடிவங்கள் கிடைத்தன. 1880-ல் அவற்றை ஆராய்ந்து எழுதியவர் ஓர் இந்தியர், பிரமதநாத் போஸ். பின்னாளில் இரும்புத் தாது இருக்கும் இடத்தை டாடாவுக்குக் கடிதம் எழுதிச் சொல்லி, ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கு வழிகாட்டினாரே, அவரேதான்.

'நம்ம ஊர் நாய்' என்கிறோம். அதன் பூர்வீகம் கடல் கடந்து கிடக்கிறது. இனி வாசலில் படுத்திருப்பதை விரட்டக் கல்லை எடுக்கும்முன், அந்த ஐந்தாவது நகத்தை ஒரு நிமிஷம் பாருங்கள்!